சில்லு கொடுக்காத நாள்

தம்பி,

நான் உனக்கு அனுப்பிய குரல்பதிவுகள் எல்லாம் கேட்கப்படாமலே கிடக்கின்றன. மாமா வீட்டு முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் அவர்களுடைய அலுமாரிக்கு மேலே இருக்கின்றனவாம். அதனால்தான் இதை எங்கள் ஊர்ச் சங்கத்தின் இதழுக்குக் கொடுக்கிறேன். பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ச் சனமெல்லாம் வாசிக்கும். வாசிக்கட்டும். அவர்களில் ஒருவர் உன்னை ஒரு கடையிலோ ரயிலிலோ கண்டால், உன்ர அப்பா எழுதியிருக்கிறார் பார் என்று நீட்ட மாட்டாரா என்ற ஒரு நப்பாசைதான். இன்னொரு காரணமும் உண்டு. உன்னை நான் அவமானப்படுத்தியது ஊருக்கு முன்னால் வைத்து. அதை வீட்டுக்குள் இருந்துகொண்டு திருப்பி வாங்க முடியாது.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீ பதினேழு வயதில் புங்குடுதீவிலிருந்து பிரான்சுக்கு, அம்மாவின் தம்பியிடம் போனவன். மூன்று வருடமாக அங்கே ஒரு சிறிய சைக்கிள் ஓட்ட அணியில் அதையே தொழிலாக ஓடுகிறவன். உன்னுடைய வேலை வெல்வது இல்லை. ஏழு பேர் ஓடினால் அதில் ஒருவனை வெல்ல வைப்பதுதான் மற்ற ஆறு பேரின் வேலை. அவனுக்கு முன்னால் ஓடிக் காற்றைத் தாங்க வேண்டும். பின்னால் வருகிற அணிக் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி, சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு திரும்ப முன்னுக்கு ஓடிவந்து கொடுக்க வேண்டும். அவனுடைய சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போனால் உன்னுடைய சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவோரம் நிற்க வேண்டும். மாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும், மழையிலும் மலையிலும் நீ செய்தது இதைத்தான். இதை இவ்வளவு தெளிவாக என்னால் எழுத முடிவது இப்போதுதான். போன ஆவணி வரைக்கும் நான் பார்த்ததெல்லாம் முடிவுப் பட்டியல் மட்டும். இடம்பெயர்ந்த காலம் போக இருபத்தேழு வருடம் ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்தவன் நான். எது எத்தனை மணிக்கு வந்தது, எது பிந்தியது, ஏன் பிந்தியது என்று சாரதிகளின் உயிரை எடுத்தே பழகிய கண். பட்டியலில் உன் பெயரைக் கீழே இருந்து தேடினால்தான் கெதியில் வரும். நூற்றுப் பன்னிரண்டு, தொண்ணூற்றெட்டு, மறுபடியும் நூற்றுக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கிறபோதெல்லாம், எங்கள் குறிகட்டுவான் பஸ்சே உன்னைவிட முந்தி வருகிறது என்று நக்கலடிப்பேன். நீ சிரிப்பாய். சிரித்தபடியால் நோகவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் உன்னைப் பிழையாகப் பார்த்தது இந்த வருடம் தொடங்கியது இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் கடுமையாக இருந்த காலம். மாதம் ஒருதரம் வேலணை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவாள், நீ பள்ளிக்கூடம் போகாமல் துணைக்குப் போவாய், ஆளுக்கொரு சைக்கிள். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கிற தாம்போதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரு தெரு, ஒதுங்க ஒரு மரம் இல்லை. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டால் அதில் சைக்கிளை நேரே பிடிக்க முடியாது. ஒருநாள் மத்தியானம் நான் வேலை முடிந்து பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். தாம்போதியில் பஸ் ஊர்ந்தது. எட்டிப் பார்த்தால் முன்னால் நீயும் அம்மாவும். நீ தெருவின் நடுவில், அம்மா உனக்குச் சற்றுப் பின்னால் ஓரமாக. சாரதி கோர்ண் அடிக்கிறார், நீ விலகுவதாயில்லை. நான் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன். பஸ் நாலு நிமிடம் பிந்தியது. நேரக்கணிப்பாளரின் மகனே பஸ்சை மறிக்கிறான் என்று கொண்டக்டர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூவரசங் கம்பால் இரண்டு போட்டேன். நீ வாங்கிக்கொண்டு சைக்கிள்களைச் சாத்தி வைக்கப் போனாய். அம்மாவுக்குச் சொல்ல மூச்சு வரவில்லை. காற்று வந்த பக்கமாக நீ நின்றுகொண்டு அவளுக்கு மறைப்புக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாய் என்பதைப் போன மாதம்தான் அம்மா எனக்குச் சொன்னாள். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

இனி ஆவணிக்கு வருகிறேன். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து ஊர் நிறைந்திருந்த நேரம். நீ ஓடுகிற ஓட்டமொன்றை இணையத்தில் நேரே காட்டுகிறார்கள் என்று அறிந்து, வாசிகசாலைப் பொடியள் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பெரிதாகப் போட்டார்கள். அறுபது பேராவது இருப்பார்கள். எனக்கு முதல் வரிசையில் கதிரை. எல்லாருக்கும் சோடா நானே வாங்கி வைத்திருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீ எல்லாருக்கும் முன்னால் ஓடினாய். சனம் கைதட்டியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு நீ பின்னுக்குப் போனாய். களைத்துவிட்டான் என்று நினைத்தேன். கமெராவும் உன்னோடு பின்னுக்கு வந்தது. காரைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, ஐந்து என்று போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள் போடுகிறாய். வயிறு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கடைசி வரிசையில் யாரோ, ரைம்கீப்பரின் பொடியன் தண்ணி காவுறான் என்றார்கள். சிரிப்பு. பாரிசிலிருந்து வந்திருந்த ஒருவர் விளக்கம் சொல்லுகிறேன் என்று எழும்பினார். இப்படி ஓடுகிறவனுக்குப் பிரெஞ்சில் தொமெஸ்திக் என்று பெயராம், வேலைக்காரன் என்றுதான் அர்த்தமாம். மூன்று வருடமாக மாமா எனக்கு உதவி வீரன் என்று சொல்லிக்கொண்டிருந்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் என்னை அறிந்துதான் மறைத்திருக்கிறார்.

ஓட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில், சனம் கலைய முன்னரே, உன்னைக் காணொளி அழைப்பில் எடுத்தேன். நீ முகம் கழுவக்கூட இல்லை, உப்புப் படிந்திருந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நான் உன்னைத் தண்ணிகாவியா இருக்கவோ உங்கை அனுப்பினனான்? எங்கட வீட்டில ஒருத்தரும் மற்றவைக்குத் தண்ணி காவினதில்லை."

"இது என்ர வேலை அப்பா," என்றாய். அவ்வளவுதான். நான் அழைப்பை வெட்டினேன். அன்றைக்குத் தலை குனிய வேண்டியவன் நான். தலை குனிந்து வாசிகசாலையை விட்டுப் போனது அம்மா.

தண்ணிகாவி என்ற அந்தச் சொல் எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். எழுதத்தான் ஒருவரும் எழுதுவதில்லை. தீவில் முக்கால்வாசிக் கிணறு உவர். எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர். அந்தக் காலத்தில் அந்தக் கயிற்றைச் சிலர் தொடக் கூடாது. குடத்தோடு வந்து வேம்பின் கீழ் நிற்பார்கள், எங்கள் வீட்டார் யாராவது அள்ளி ஊற்றும்வரைக்கும் நிற்பார்கள். பதினைந்து வயதில் நானும் அள்ளி ஊற்றியிருக்கிறேன். படித்து முடித்துவிட்டு வருகிறேன் என்று காக்கவும் வைத்திருக்கிறேன். அதைத் தருமம் என்று நினைத்து வளர்ந்தேன். இப்போது அந்தக் கிணறும் உவர்தான். எல்லாருக்கும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர்தான். போன வருடம் எனக்கு இடுப்பு நோவு வந்து படுக்கையில் கிடந்தபோது, சந்தியில் நிற்கிற பவுசரில் தண்ணீர் பிடித்து, இரண்டு பிளாஸ்ரிக் கானைச் சைக்கிளில் கட்டி இரண்டு மாதம் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தவர், அந்த வேம்பின் கீழ் நின்ற ஒருவரின் மகன். நான் வாங்கிக் குடித்தேன். நன்றியும் சொன்னேன். ஒருநாள்கூட ஒரு கதிரையைப் போட்டு இரும் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட வாயிலிருந்துதான் உனக்கு அந்தச் சொல் வந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி. வெட்கப்பட்டு என்ன பயன், சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசிகசாலையில் பார்த்த அந்த நாளுக்கு மூன்று கிழமைக்குப் பிறகு ஐந்து நாள் ஓட்டம். உங்கள் அணித் தலைவன் ஜூலியான் நாலு நாள் முடிவில் இரண்டாவது இடம், முதலாவது ஆளுக்கும் அவனுக்கும் சில விநாடிகள்தான் வித்தியாசம். ஐந்தாம் நாள் அவன் வென்றால் உங்கள் சின்ன அணிக்கு அது பெரிய காரியம். அன்றைக்குக் கடும் காற்று. முன்னணிக் கும்பலில் பதினைந்து பேர், உங்கள் அணியில் நீயும் அவனும் மட்டும். முடிய இன்னும் பதினாலு கிலோமீற்றர் இருக்கும்போது அவனுடைய பின் சில்லுக்குக் காற்றுப் போனது. அணிக் கார் வெகுதூரம் பின்னால். அவன் கையை உயர்த்திக்கொண்டு ஓரம் கட்டுகிறான். நீ அவனுக்கு முன்னால், ஐம்பது மீற்றர் தூரத்தில். இறங்கிச் சில்லைக் கழற்றினால் அரை நிமிட வேலை. நீ திரும்பிப் பார்த்தாய். மறுபடியும் திரும்பிப் பார்த்தாய். இரண்டாந்தரம் பார்த்தபோது உன் கால் நின்றே போனது, சில்லு மட்டும் தன்பாட்டில் சுழன்றது. வீட்டுக் கதிரையில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த நான், போ, போ என்று கத்தினேன். அதன் பிறகு நீ திரும்பவில்லை.

நாலாவதாக வந்தாய். உன் வாழ்நாளில் அப்படி ஒரு இடம் வந்ததில்லை. நான் சந்தியில் வெடி கொளுத்தினேன். அடுத்த நாள் உன் படம் போட்ட பதாகை கட்டுவித்தேன், தீவகத்தின் புயல் என்று. அந்த நேரத்தில் ஜூலியான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கார் வந்து சில்லு மாற்றி, காற்றில் தனியாக உங்களைத் துரத்தி வந்தவன் ஒரு வளைவில் விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. அதை எனக்கு மாமா சொன்னது பதாகை கட்டிய பிறகு. உடனே போய் நானே ஏணி வைத்து அவிழ்த்தேன். ஏன் அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எழுத்துப் பிழை என்று பொய் சொன்னேன்.

நீ சைக்கிளையும் உடுப்பையும் அணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை மாமா வீட்டில் போட்டுவிட்டுப் போனாய். இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. "இருக்கிறன், தேடாதேங்கோ" என்று மாமாவுக்கு ஒரு செய்தி, அதோடு சரி. ஏதோ ஒரு நகரத்தில் சாமான் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறாய் என்று ஒருவர் சொன்னார், இல்லை, அது வேறு யாரோ என்று இன்னொருவர். அம்மா அந்த இரண்டு சொற்களையும் மாமாவிடம் கேட்டுப் படமாக வாங்கித் தன் போனில் வைத்திருக்கிறாள். தினமும் பார்க்கிறாள். அவளுக்கு மறுபடியும் இழுக்கத் தொடங்கிவிட்டது. கிளினிக்குக்குப் போகச் சொன்னால் போகிறாளில்லை. நான் முற்றத்துக்கும் வாசல் படலைக்கும் நடக்கிறேன். போன் அடித்தால், உன்னைப் பற்றி ஏதும் கெட்ட செய்தியாக இருக்குமோ என்று எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். ஒருவரிடமும் இப்படிப் பயப்பட்டவன் இல்லை நான், உனக்குத் தெரியும். சாப்பிடு தம்பி. அந்த இடது முழங்காலுக்குக் குளிர் படவிடாதே. புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் பழக்கம் விடுகிறதில்லை.

போன கிழமை மாமா ஜூலியானைப் பார்க்கப் போனார். அங்கிருந்தே என்னைக் காணொளி அழைப்பில் எடுத்தார். உன் வயதுப் பிள்ளை, தாடி வளர்ந்து, கால் முழுக்கக் கட்டு. அவன் பேசியதை மாமா தமிழில் சொன்னார். உன்னில் சரியான கோபமாம். நேரே வைத்துத் திட்ட வேண்டுமாம். ஆள் இல்லாமல் எப்படித் திட்டுவது, வரச் சொல்லுங்கள் என்றான். பிறகு, இரண்டு வருடம் என் முன்னால் ஓடியவன் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தான் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை என்றான். அணிக்காரர் உன் இடத்தை இந்த மாத முடிவு வரைக்கும் வைத்திருக்கிறார்களாம். ஜூலியான்தான் கேட்டு வைத்திருக்கிறான். ஆனால் நீ நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டுமாம். நீ போக முன்னர் அணி வைத்த விசாரணையில் நீ காரணம் சொல்லவில்லையாம். யாராவது சொல்லிச் செய்தாயா என்று இரண்டு தரம் கேட்டார்களாம். இல்லை, நானாக எடுத்த முடிவு என்றாயாம்.

அந்தப் பதிலை மாமா எனக்குச் சொன்ன அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த அந்த விஷயத்தை இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் நாள் காலை, உனக்கு எட்டு மணி இருக்கும், இங்கே மத்தியானத்துக்குக் கிட்ட. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வேலிக்கு மட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"அப்பா, இண்டைக்கு நான் அவனோட நிக்கவேணும். ஏதும் நடந்தால் என்ர சில்லைக் குடுக்கவேணும். நிக்கட்டோ?"

"என்னட்டை ஏன் கேக்கிறாய்?"

"நீங்கள் ஓம் எண்டு சொன்னால் எனக்கு லேசாயிருக்கும்."

"நீ நிண்டியெண்டால், நீ எனக்குப் பிள்ளையில்லை."

பிறகு, "ஓம் அப்பா," என்றாய்.

நான் மட்டை கட்டி முடித்து, குளித்து, வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, உலகம் சுற்றியவன், ஓட்டம் தொடங்க முன்னர் தகப்பனிடம் ஓம் என்ற ஒரு சொல் கேட்டுப் போன் எடுத்தாய். எனக்கு அது வாயில் வரவில்லை. அந்தப் பதினாலு கிலோமீற்றரும் உன்னை ஓட்டியது நான். ஜூலியான் விழுந்ததற்கும் நான்தான் பொறுப்பு. எல்லாரும் உன்னைச் சுயநலக்காரன் என்றபோது நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அங்கே ஒருவருக்கும் என் பெயரைச் சொல்லவில்லை. இங்கே நான் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

இதைக் கொடுக்க முன்னர் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். குசினியில் நின்றபடியே வாசித்தாள். அந்தப் போன் கதை வந்த இடத்தில் அடுப்பை நிற்பாட்டினாள். முடித்துவிட்டு, இதில் ஒரு சொல்லும் குறைக்காமல் போடுங்கோ என்றாள். அதற்குப் பிறகு இன்றைக்கு நாலு நாள், எனக்குச் சோறு போட்டு வைக்கிறாள், என்னோடு பேசுகிறாளில்லை. பேச வேண்டாம். அதற்கு எனக்கு உரித்து இல்லை.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜூலியானிடம் போ. மாமா கூட வருவார், அவனுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டட்டும். அவன் திட்டினால் நின்று கேள், ஆனால் எனக்குரியதையும் சேர்த்து நீ வாங்காதே, அதை எனக்கு அனுப்பச் சொல். என் தகப்பன்தான் நிற்க வேண்டாம் என்றவர் என்று உன் வாயால் சொல். சொல்ல நா எழாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. அதற்குப் பிறகு நீ ஓடுவதும் ஓடாமல் விடுவதும் உன் முடிவு. நான் கேட்க மாட்டேன். முடிவுப் பட்டியலும் பார்க்க மாட்டேன்.

வீட்டுக்கு வா என்று இதில் நான் எழுதவில்லை, கவனித்தாயா. அம்மாவுக்கு மட்டும் போன் எடு. நீ எடுக்கிற நேரத்தில் நான் படலைக்கு வெளியே போய் நிற்கிறேன், என் குரல் உனக்குக் கேட்காது. என் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அன்றைக்கு நீ அவனை விட்டுவிட்டு ஓடினாய். அந்தச் சொல்லிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். என்னை விட்டுவிட்டு அவனிடம் போ.

அப்பா